மானிட்டரில் பெயர் வந்தால் நம்பிவிடாதீர்கள்: மதுரையில் எனக்கு விற்கப்பட்ட போலி கிராபிக்ஸ் கார்டு

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மதுரையில் ஒரு கடையில் 26,000 ரூபாய் கொடுத்து கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று வாங்கினேன். அதில் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று சொல்லி 8,000 ரூபாய்க்குப் போட்டுக் கொடுத்த கிராபிக்ஸ் கார்டு, அதாவது கேமின் படத்தைத் திரைக்கு வரைந்து கொடுக்கும் பாகம், போலி. உள்ளே இருந்தது 2011-இல் வந்த ஜிடிஎக்ஸ் 550 டிஐ. கடைப் பெயரை இங்கே போடப் போவதில்லை. போட்டால் அந்த ஒரு கடையை மட்டும் விட்டுவிட்டு, இதே கார்டை நான்கு கடை தள்ளி வாங்கிக்கொண்டு வருவீர்கள். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது கடையின் பெயர் அல்ல, கார்டைப் பார்க்கும் விதம். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் திருமங்கலத்தில் ஒரு டூவீலர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுன்டரில் நிற்பவன். ஒன்பது வருடமாக இதே வேலை. டூப்ளிகேட் கிளட்ச் பிளேட், டூப்ளிகேட் பேரிங் எல்லாம் அட்டையின் அச்சைப் பார்த்தே சொல்லிவிடுவேன். கம்ப்யூட்டர் எனக்குப் புதிது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உசிலம்பட்டியில் பிரவுசிங் சென்டரில் மணிக் கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடியதோடு சரி. சொந்தமாக ஒன்று வேண்டும் என்று அப்போதிலிருந்தே ஆசை. அம்மா சீட்டு எடுத்ததில் என் பங்காக வந்தது 26,000. தைப் பொங்கல் முடிந்த வாரம், பெரியார் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்துபோகிற தூரத்தில் இருந்த ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். "தம்பி, வாலரன்ட்டும் ஜிடிஏவும்தான விளையாடப் போறீங்க? ஐ5 போட்டு, 1050 டிஐ போட்டுத் தாரேன். அடிச்சுத் தூள் கிளப்பலாம்" என்றார். ஐ5 பிராசஸர், போர்டு, 8 ஜிபி ரேம் சேர்த்து 12,000. செகண்ட்ஸ் கார்டு 8,000. எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸோடு கேபினெட் 3,000. 256 ஜிபி எஸ்எஸ்டி 2,000. கீபோர்டு மவுஸ் 1,000. மானிட்டர் மட்டும் என்னிடம் பழையது ஒன்று இருந்தது, நீல நிற விஜிஏ ஒயர் மாட்டுகிற ரகம். "அதுக்கென்ன தம்பி, நம்ம கார்டுலயே விஜிஏ இருக்கு" என்று பின்பக்கம் திருப்பிக் காட்டினார். புது மானிட்டர் செலவு மிச்சம் என்று எனக்கு அவ்வளவு நிம்மதி. நான் ஏமாந்ததே அந்த இடத்தில்தான் என்று பிறகுதான் தெரிந்தது.

ஆன் செய்து காட்டினார். உள்ளே என்னென்ன பாகம் இருக்கிறது என்று காட்டும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தார். என்விடியா ஜிஃபோர்ஸ் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று தெளிவாக எழுதியிருந்தது. மெமரி 4 ஜிபி. இதற்கு மேல் என்ன கேட்பது? ஜிபேயில் பணம் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி பில்லுன்னா 18 சதவீதம் கூட ஆகும், உங்களுக்கு எதுக்கு?" என்று ஒரு துண்டுத் தாளில் எஸ்டிமேட் என்று எழுதிக் கொடுத்தார். வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

அன்று இரவே வாலரன்ட் திறக்கவில்லை. வேன் 9001 என்று ஒரு எரர். கடைக்குப் போன் செய்தால், நெட் சரியாக இருக்காது என்றார்கள். ஜிடிஏ 5 திறந்தது. பத்து நிமிடம் ஓடும், அப்புறம் திரை முழுக்கப் பச்சையும் ஊதாவுமாகக் கோடு விழும், அப்படியே நின்றுவிடும். சில நேரம் கம்ப்யூட்டரே அணைந்து தானாக ஆன் ஆகும். கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் புதிதாகப் போட்டுப் பார்க்கலாம் என்று, கார்டின் சிப்பைத் தயாரிக்கும் என்விடியாவின் தளத்தில் இருந்து இறக்கிப் போட்டேன். திரை கறுப்பாகிவிட்டது. மறுபடி கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், ஒரு பென் டிரைவை மாட்டி அதிலிருந்த டிரைவரைப் போட்டு, "இனிமே நீங்களா எதையும் அப்டேட் பண்ணாதீங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். நல்ல கார்டாக இருந்தால் ஏன் அப்டேட் செய்யக் கூடாது? அன்றே இப்படி யோசித்திருக்க வேண்டும்.

திருப்பரங்குன்றத்தில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கும் என் நண்பன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தான். கேபினெட்டைத் திறக்கக்கூட இல்லை. பின்னால் குனிந்து பார்த்தவன், "ஏ மாப்ள, இதுல எப்படிடா விஜிஏ இருக்கு?" என்றான்.

அதை எனக்கு விளக்கினான். 1050 டிஐ 2016-இல் வந்த பாஸ்கல் தலைமுறைக் கார்டு. அந்தத் தலைமுறையிலேயே விஜிஏ போன்ற அனலாக் வெளியீட்டை என்விடியா எடுத்துவிட்டது. வழக்கமான 1050 டிஐயில் ஹெச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட், டிவிஐ-டி இவைதான் இருக்கும். நீல நிற விஜிஏ துளை நேரடியாக இருந்தாலே சந்தேகப்பட வேண்டும். அடுத்து பவர். 1050 டிஐ 75 வாட் கார்டு. போர்டில் கார்டு உட்காரும் ஸ்லாட்டே 75 வாட் கொடுக்கும் என்பதால், பெரும்பாலான 1050 டிஐகளுக்குத் தனி பவர் ஒயரே தேவைப்படாது. என்னுடையதில் ஆறு முனை ஒயர் ஒன்று மாட்டியிருந்தது. அது மட்டும் இருந்தால் போலி என்று சொல்லிவிட முடியாது, சில கம்பெனிகள் வைத்ததுண்டு. ஆனால் விஜிஏவும் அதுவும் சேர்ந்து இருந்ததுதான் அவன் கண்ணை உறுத்தியது.

பிறகு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தான். சின்ன ஃபைல்தான், பென் டிரைவில் வைத்துக்கொண்டு எங்கேயும் ஓட்டலாம். பழைய சிப்பில் புதுப் பெயர் எழுதிய என்விடியா கார்டுகளைக் கண்டுபிடிக்கும் வசதியை 2018-லேயே அதில் சேர்த்துவிட்டார்கள். திறந்ததும் பெயருக்கு முன்னால் சதுர அடைப்புக்குள் ஃபேக் என்று வந்தது. கீழே சிப்பின் பெயர் ஜிஎஃப்116. 1050 டிஐயில் இருக்க வேண்டியது ஜிபி107. ஷேடர் எண்ணிக்கை, அதாவது படத்துக்கான கணக்கைப் போடும் சின்னச் சின்ன யூனிட்டுகளின் எண்ணிக்கை, 768 இருக்க வேண்டிய இடத்தில் 192.

எனக்கு அப்போதும் மனசு ஒப்பவில்லை. மென்பொருள் தப்பாகச் சொல்லலாமே என்றேன். சரி, கழற்றியே பார்த்துவிடலாம் என்றான். நான்கு ஸ்க்ரூ. ஃபேனோடு ஹீட்சிங்க்கைத் தூக்கியதும் காய்ந்து பொருக்காகிப் போன தெர்மல் பேஸ்ட். என் கடை வழக்கப்படி துணியில் ஸ்பிரிட் தொட்டு மெதுவாகத் துடைத்தேன். கறுப்புக் கண்ணாடி போன்ற சிப்பின் மேல் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன: ஜிஎஃப்116-400. ஃபேன் மேல் மட்டும் புத்தம் புதிதாக 1050 டிஐ ஸ்டிக்கர். நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால், அடியில் பழைய ஸ்டிக்கரின் பசை.

நம்மில் பலருக்கும் இதுதான் புரியாமல் இருக்கிறது. கம்ப்யூட்டர் காட்டும் பெயரை அது தானாகக் கண்டுபிடிப்பதில்லை. கார்டின் விவரம் எழுதி வைக்கப்பட்டிருக்கும் பயாஸ் சிப் என்ன சொல்கிறதோ அதைத்தான் காட்டும். அந்த பயாஸை மாற்றி எழுதிவிட்டால் பெயரும் மாறும், மெமரி அளவும் மாறும். சேஸிஸ் நம்பரைச் சுரண்டிவிட்டு வேறு நம்பர் அடித்த வண்டி மாதிரிதான். 550 டிஐயில் உண்மையில் இருந்தது 1 ஜிபி மெமரி. 4 ஜிபி இருப்பதாகப் பொய் சொல்லும் கார்டை நம்பி கேம் 1 ஜிபியைத் தாண்டி எழுதப் போகும்போது, அங்கே எழுத இடமே இல்லை. அதுதான் அந்தப் பச்சைக் கோடுகள். அப்டேட் செய்தால் திரை கறுப்பானதற்கும் இதுவே காரணம். அந்தப் பழைய சிப்புகளுக்கு என்விடியா 2018-லேயே புது டிரைவர் கொடுப்பதை நிறுத்திவிட்டது. கடைக்காரரின் பென் டிரைவில் இருந்தது யாரோ திருத்திய டிரைவர்.

கார்டோடு முடியவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் பெரிதாக 450 வாட் என்று போட்டிருந்தது. அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு அட்டவணை இருக்கும், யாரும் படிப்பதில்லை. அதில் 12 வோல்ட்டுக்கு நேராக 14 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கினால் 168 வாட். பிராசஸரும் கார்டும் கரண்ட் எடுப்பது இந்த 12 வோல்ட்டில் இருந்துதான். 550 டிஐக்கு 116 வாட், என் பிராசஸருக்கு 77 வாட், ஆக 193. தாங்காமல் அணைந்ததில் ஆச்சரியம் இல்லை. எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது அந்த ஆம்பியரை 12-ஆல் பெருக்கிப் பாருங்கள். கேபினெட்டோடு சேர்த்து வருவதை எடுக்கவே எடுக்காதீர்கள். மற்றதில் எங்கே வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம், இதில் பிடித்தால் மொத்தமும் கருகும்.

ஐ5 என்று சொன்னது பொய் இல்லை. ஆனால் அது ஐ5-3470, 2012-இல் வந்த மூன்றாம் தலைமுறை. ஐ5 என்பது 2009-இல் இருந்து வருகிற பெயர், அதை மட்டும் கேட்டால் ஒன்றும் தெரியாது. பின்னால் வரும் நான்கு இலக்க எண்ணில் முதல் எண்தான் தலைமுறை. எண் ஐந்து இலக்கமானால் முதல் இரண்டு. விண்டோஸ் 11-க்கு இன்டெல்லில் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் முறையான ஆதரவு. எனக்குக் குறுக்கு வழியில் விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். வாலரன்ட்டோ விண்டோஸ் 11-இல் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாமல் திறக்காது, என் பழைய போர்டில் அது இல்லை. வேன் 9001 வந்தது அதனால்தான், நெட் நன்றாகத்தான் இருந்தது. நான் வாலரன்ட் என்று பெயர் சொல்லிக் கேட்டேன், அது ஓடவே ஓடாத ஒன்றைக் கொடுத்தார்கள். கார்டைவிட இதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

கடைக்குப் போனேன். "விற்ற பொருளைத் திரும்ப வாங்குறதில்ல தம்பி, செகண்ட்ஸ்னு சொல்லித்தான குடுத்தோம்" என்றார். செகண்ட்ஸ் என்று சொன்னது உண்மை. 550 டிஐ என்று சொல்லவில்லையே! திரும்பி வந்து 1915-க்குப் போன் செய்தேன். தேசிய நுகர்வோர் உதவி எண் அது, தமிழிலும் பேசுகிறார்கள். புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் கொடுக்காமல் இருப்பதும், குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பதும் முறையற்ற வணிகம் என்றே எழுதியிருக்கிறது. திரும்பப் பெறுவதற்கான கெடு எதுவும் பில்லில் போடாவிட்டால் 30 நாளுக்குள் என்பது கணக்கு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடக் கட்டணமும் கிடையாது. பில் இல்லாத எனக்குக் கைகொடுத்தது ஜிபே ரசீதும், கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த 1050 டிஐ விலைப்பட்டியலும்தான். நீங்கள் எது பேசினாலும் ஒரு தடவை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிவிடுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்தது. காசு கொஞ்சமாக இருந்தால் கார்டே வேண்டாம். ரைசன் 5 5600ஜி மாதிரி உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும் பிராசஸர், அதற்கான போர்டு, ஒரே 16 ஜிபி ரேமாக இல்லாமல் இரண்டு 8 ஜிபி. உள் கிராபிக்ஸுக்கு ரேம்தான் மெமரி என்பதால் இரண்டாகப் போட்டால் வேகம் நன்றாகவே கூடும். செட்டிங்கைக் குறைத்து வைத்தால் வாலரன்ட் அருமையாக ஓடும். கார்டு அடுத்த வருட போனஸில் வாங்கிக்கொள்ளலாம். நானும் இப்போது அப்படித்தான் ஒவ்வொன்றாகச் சேர்க்கிறேன். செகண்ட்ஸ் கார்டுதான் வேண்டும் என்றால் ஜிபியு-இசட் இருக்கும் பென் டிரைவை நீங்களே கொண்டுபோங்கள், கடைக்காரர் திறந்து காட்டுவதைப் பார்க்காதீர்கள். அரை மணி நேரம் கேம் ஓட்டிப் பார்க்க விடாத இடத்தில் பணம் எடுக்காதீர்கள். ஆர்எக்ஸ் 580 என்று சொன்னால் ஷேடர் எண்ணிக்கை 2304 வருகிறதா பாருங்கள். 2048 என்று வந்தால் அது அதற்குக் கீழான ஆர்எக்ஸ் 570-க்குச் சமமான ரகம், அந்த விலைதான் கொடுக்க வேண்டும்.

புகார் எண்ணோடு மறுபடி போவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தேன். எங்கள் கடையில் கஸ்டமர் டூப்ளிகேட் பார்ட்டைக் கொண்டுவந்தால், அது வேறு யார் கைக்கும் போகாமல் இருக்க மஞ்சள் பெயிண்ட் மார்க்கரால் குறுக்கே கோடு போட்டுவிடுவோம். அதே மார்க்கரில் கார்டின் பின்பக்கம் பெரிதாக 550 டிஐ என்று எழுதினேன். கடைக்காரர் புகார் எண்ணைப் பார்த்தார், முனகிக்கொண்டே சரி என்றார். கார்டை வாங்கித் திருப்பியவர் முகம் மாறிவிட்டது.

"என்ன தம்பி இப்படி எழுதி வச்சிருக்கீங்க? இத இனிமே நான் யாருக்குக் குடுக்குறது?"

பக்கத்தில் ஒரு அப்பாவும் பத்தாவது படிக்கிற வயதில் ஒரு பையனும் கேபினெட் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்தேன், கடைக்காரரும் பார்த்தார். அதன் பிறகு அதிகம் பேசவில்லை. 8,000-த்தில் 5,000 கொடுத்தார், எழுதிய கார்டு தனக்கு வேண்டாம் என்று தள்ளிவிட்டார். எங்கள் கவுன்டரில் டூப்ளிகேட் பேரிங்குகளைப் போட்டு வைக்கும் டப்பாவில்தான் இப்போது அது கிடக்கிறது.