சஃபோக் கிராமத்து வைக்கோல் கூரை வீடு: குடியிருந்து பார்த்த அனுபவம்

இங்கிலாந்தில் கூரை வீட்டில் இருக்கிறோம் என்றதும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, "மழைக்கு ஒழுகாதா?" ஒழுகவில்லை. சரிவு ஏறக்குறைய 50 டிகிரி என்பதால் தண்ணீர் தங்காது. வைக்கோலின் மேல்பரப்பு மட்டும் நனையும். ஆனால் கூரைக்குத் தண்ணீர்ப் பீலி கிடையாது. அடைமழையில் சாவியைத் தேடிக்கொண்டு வாசலில் நின்றால் இறவாரத்துத் தண்ணீர் நேராகப் பிடரியில் இறங்கும். கோடையில் மாடியறை குளுகுளுவென்று இருக்கும், அதற்காக இதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

முகட்டை 10 முதல் 15 ஆண்டுக்கொரு தடவை புதிதாக வேய வேண்டும், செலவு கையைக் கடிக்கும். வேய்பவர் ஹேசல் மரக் குச்சியை நடுவில் முறுக்கி, கொண்டை ஊசி மாதிரி மடித்து வைக்கோலில் அறைந்து இறக்குவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

எங்களைப் படுத்தி எடுத்தது சுவர்தான். ஓக் சட்டங்களுக்கு நடுவே குச்சி பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பிய சுவர். ஈரத்தை வாங்கி, வெளியே விட்டுவிடும். முன்பு இருந்த யாரோ அதன்மேல் சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஈரம் வெளியேற வழியில்லாமல் சுவரைத் தாங்கும் அடிக்கட்டையில் இறங்கிவிட்டது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் ஓக் கட்டை ஈரக் கேக்காக உள்வாங்கியது. சிமெண்டைக் கொத்தி எடுத்து, கெட்டுப்போன பகுதிக்கு ஓக் ஒட்டுப்போட்டு, சுண்ணாம்புச் சாந்து பூசினோம். உறைபனிக் காலத்தில் சுண்ணாம்பு வேலை ஆகாது, வசந்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வீடு கிரேடு 2 பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி, அதன் தன்மையைப் பாதிக்கும் எந்த மாற்றத்துக்கும் முன் அனுமதி வேண்டும். மீறினால் கிரிமினல் குற்றம். எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு அந்தச் சுவரில் ஓட்டை போடுவதற்கும் கவுன்சிலில் மனுப்போட வேண்டும். அனுமதி வரும்வரை தாளிப்பு வாசனை மாடிவரை எங்களோடு குடியிருந்தது!

நெருப்பு பயம் உண்மைதான். இன்ஷூரன்ஸ்காரர்கள் புகைபோக்கி சுத்தம் செய்த சான்றிதழ் கேட்பார்கள். காய்ந்த விறகு தவிர வேறு எதையும் அடுப்பில் வைப்பதில்லை. இங்கே வாணவேடிக்கைத் திருநாளான நவம்பர் 5 இரவு ஊரே ராக்கெட் விடும்போது நாங்கள் தோட்டத்தில் நின்று கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

வாங்க நினைப்பவர்கள் முகடு கடைசியாக எப்போது வேய்ந்தது என்று முதலில் கேளுங்கள். பழைய உரிமையாளர் அனுமதியில்லாமல் செய்த வேலையைச் சரிசெய்யும் பொறுப்பும் உங்கள் தலையில்தான் விழும்; அனுமதிக் காகிதங்களை வக்கீலிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.