மூடிய பெட்டியா, போர்ட் பெட்டியா? மட்டக்களப்பில் சப் பெட்டி அடிக்கப் போகிறவர்களுக்கு

ஆல்டோ, வேகன் ஆர் மாதிரிச் சின்னக் காருக்கு 12 அங்குல சப் (ஆழமான பேஸை அடிக்கிற சப்வூஃபர் ஸ்பீக்கர்) ஒன்று போடப் போகிறீர்கள் என்றால் மூடிய பெட்டிதான் என் தெரிவு. ஹையேஸ் வானில் சனத்தை ஏற்றிக்கொண்டு கதிர்காமம் ட்ரிப் ஓடுகிறவர்களுக்குப் போர்ட் பெட்டி, அதாவது காற்றுப் போய்வர ஒரு பைப் வைத்த பெட்டி பிடிக்கும், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கல்முனையில் யாரோ ஒருவரின் வானில் நன்றாக அடிக்கிறது என்பதற்காக அதே அளவை எழுதிக்கொண்டு வந்து ஓடாவியிடம் கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள், பெட்டி சப்புக்குச் சப் மாறும்.

மூடிய பெட்டியில் உள்ளே அடைபட்ட காற்றே கோனுக்கு (சப்பில் முன்னும் பின்னும் ஆடுகிற கூம்புக்கு) ஸ்பிரிங். கோன் வெளியே போனால் இழுக்கும், உள்ளே வந்தால் தள்ளும். அதனால் பறை, மத்தளம் போன்ற அடிகள் அடித்த இடத்திலேயே நிற்கும், இழுபடாது. 12 அங்குலத்துக்குப் பெரும்பாலும் ஒரு கன அடி, ஒன்றேகால் கன அடி போதும், டிக்கியில் பாதி மிஞ்சும். பேஸ் ஆழமாகப் போகப் போக, ஒரு ஒக்டேவுக்கு (அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு தரமும்) 12 டெசிபெல் வீதம்தான் சத்தம் குறைகிறது. கண்ணாடிகள் மூடிய காரின் உட்புறமோ சின்ன இடம் என்பதால் ஆழமான பேஸைத் தானாகவே தூக்கிக் கொடுக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று ஏறக்குறையச் சரிக்கட்டிவிடும். வீட்டு ஹோலில் மெலிவாகக் கேட்கிற பெட்டி காருக்குள் நிறைவாகக் கேட்பது இதனால்தான்.

போர்ட் பெட்டி வேறு கணக்கு. வெறும் போத்தல் வாயில் ஊதினால் ஒரே சுருதியில் சத்தம் வருகிறதல்லவா, போர்ட் செய்வதும் அதுதான். கோனின் பின்பக்கச் சத்தத்தையும் பயன்படுத்துவதால், டியூன் செய்த இடத்தை (அந்தப் போர்ட் ஒலிக்கிற அதிர்வெண்ணை) ஒட்டி அதே அம்ப்பில் 3 டெசிபெல் அளவு கூடக் கிடைக்கும், அதாவது அம்ப்பின் பவரை இரட்டிப்பாக்கியதற்குச் சமன். பெரிய வானுக்கு இது நல்ல லாபம். விலை என்ன என்றால், பெட்டி இரண்டு கன அடிக்குப் போய்விடும், அதோடு டியூனிங்குக்குக் கீழே கோனைப் பிடித்து வைக்கக் காற்று இல்லை. 33 ஹேர்ட்ஸுக்கு டியூன் பண்ணிய பெட்டியில் 22 ஹேர்ட்ஸ் சத்தம் ஒன்று பலமாக வந்தால் கோன் கட்டுப்பாடில்லாமல் ஆடும், கோனை ஆட்டுகிற கம்பிச்சுருள் (வொய்ஸ் கொயில்) பின்னால் போய் இடிக்கிற அளவுக்குப் போகும். அம்ப்பில் சப்சோனிக் ஃபில்டர் (மிக ஆழமான சத்தங்களை வெட்டிவிடுகிற வசதி) இல்லாதவர்கள் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

போர்ட் நீளத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். இரண்டு கன அடி, உள்விட்டம் 4 அங்குல பிவிசி பைப் ஒன்று, 33 ஹேர்ட்ஸ் என்றால் பைப் ஏறக்குறைய 32 சென்ரிமீற்றர் வரும். அதைக் கண்மட்டத்துக்குப் பாதியாக வெட்டினால் டியூனிங் 40ஐத் தாண்டிவிடும், பிறகு எந்தப் பாட்டுக்கும் ஒரே ‘பூம்’தான். அந்த இரண்டு கன அடியும் பைப், காந்தம், உள்ளே வைக்கிற முட்டுக்கட்டை எல்லாம் பிடிக்கிற இடம் போக மிஞ்ச வேண்டிய அளவு.

எது உங்கள் சப்புக்குப் பொருந்தும் என்று பார்க்க ஒரு எளிய வழி இருக்கிறது. சப்போடு வருகிற தாளில் எஃப்எஸ் (Fs, சப் தானாக அதிர்கிற அதிர்வெண்) என்ற எண்ணைக் கியூஇஎஸ் (Qes) என்ற எண்ணால் வகுங்கள். 50 அல்லது அதற்குக் கீழே என்றால் மூடிய பெட்டி, 100க்குப் பக்கமாகப் போனால் போர்ட். நடுவில் நின்றால் இரண்டும் சரிவரும், டிக்கியில் எவ்வளவு இடம் விடலாம் என்று பார்த்து முடிவெடுங்கள்.

பலகையில் எனக்கு இரண்டாம் பேச்சில்லை, பிளைவுட்தான். எம்டிஎஃப் (மரநாரை அமுக்கிச் செய்த பலகை) சமதளமாக இருக்கும், வெட்ட லேசு, சத்தத்துக்கும் நல்லது. ஆனால் வெட்டிய ஓரம் தண்ணீரைக் குடித்தால் ஊதும், காய்ந்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. நவம்பர் பிறந்தால் தை வரை மழை, போதாததற்கு வாவிக் காற்று. டிக்கி ரப்பர் கொஞ்சம் ஒழுகினாலே அடிப்பலகை போய்விடும். ஈரம் தாங்கும் பசை போட்ட 18 மில்லிமீற்றர் பிளைவுட் காசு கூடத்தான், கொடுங்கள். வாங்கும்போது வெட்டு ஓரத்தைத் திருப்பிப் பாருங்கள், அடுக்குகளுக்கு நடுவில் இடைவெளி தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம், பின்னால் கிர்கிர் என்று அதிரும். எம்டிஎஃப்தான் கிடைக்கிறது என்றால் ஓரம் முழுக்க பைண்டர் கம் பூசிக் காயவிட்டு, மேலே பெயின்ட் அடியுங்கள்.

மூட்டுகளுக்குக் கம்மும் ஸ்குரூவும், உள்ளே மூலைகளில் சிலிக்கோன். அதன் வாடை முழுக்கப் போகும் வரை சப்பைப் பொருத்தாதீர்கள், சில சிலிக்கோனிலிருந்து வருகிற புளிச்ச ஆவி உலோகத்தை அரிக்கும். மூடிய பெட்டி என்றால் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, 30 ஹேர்ட்ஸ் சத்தம் ஒன்றை மெதுவாக ஓடவிட்டு, மூட்டோரமாகக் கொண்டு போங்கள். புகை எங்கே துடிக்கிறதோ அங்கேதான் காற்றுப் போகிறது. அந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, சப்பைக் கழற்றி, உள்ளே கைவிட்டு இன்னொரு தரம் பூசுங்கள்.