குழந்தைகளை முகப்படம் எடுக்க 50 மி.மீ.யா, 85 மி.மீ.யா, கைப்பேசியா?

ஆனி, ஆடி மாதச் சாரலைக் குற்றாலத்துக்கு வருபவர்கள் அருவிக்காகக் கொண்டாடுகிறார்கள். செங்கோட்டையில் இருந்துகொண்டு உறவுக் குழந்தைகளைப் படம் எடுக்கும் எனக்கு அந்த நாட்களின் வெளிச்சமே பெரிது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் மேகம் வெயிலை மூடிவிட்டால், உச்சிப்பொழுதில்கூடக் கண்குழியில் நிழல் விழாது, குழந்தைக்குக் கண்ணும் கூசாது. அப்படிப்பட்ட வெளிச்சத்திலும் படம் சரியாக அமையவில்லை என்றால், பெரும்பாலும் எடுப்பவர் நிற்கும் தூரத்தில்தான் பிழை இருக்கும். அதனால் 50 மி.மீ. லென்ஸ், 85 மி.மீ. லென்ஸ் (எண் கூடக் கூடத் தொலைவில் உள்ளதைப் பெரிதாக்கிக் காட்டும்), கைப்பேசி ஆகிய மூன்றையும் விலையையோ பெயரையோ பார்க்காமல், குழந்தைக்கும் நமக்கும் இடையே அவை எவ்வளவு இடைவெளி கேட்கின்றன என்பதை வைத்தே ஒப்பிடுகிறேன்.

பலரிடமும் இருப்பது ஏ.பி.எஸ்.-சி என்ற நடுத்தர அளவு சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) உள்ள கேமரா என்பதால் கணக்கை அதற்கே சொல்கிறேன். கேமராவை நெட்டுக்குத்தாகப் பிடித்து, மார்பு வரை படம் நிறைய வேண்டுமென்றால், 50 மி.மீ. லென்ஸுக்கு ஏறத்தாழ 4 அடி போதும்; 85 மி.மீ. லென்ஸுக்கு ஏழடி தள்ளி நிற்க வேண்டும். மூன்று, நான்கு வயதுக் குழந்தையின் முழு உருவமும் சற்று இடைவெளியோடு வர வேண்டுமானால் 50-க்கு ஒன்பதரை அடியும், 85-க்கு 16 அடியும் தேவைப்படும். பத்தடி அகலமுள்ள அறைக்குள் 85-ஐ வைத்துக்கொண்டு முழு உருவம் எடுக்கவே முடியாது என்பது இதிலிருந்தே விளங்கும்.

85-இல்தான் பின்புலம் கரையும், முகத்தில் ஃபோகஸ் ஆழம் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். இதில் பின்புலம் பற்றிய பாதிதான் சரி. முகம் ஒரே அளவில் வரும்படி நின்று, இரண்டையும் எஃப் 1.8-இல் (எஃப் எண் லென்ஸின் துளையைக் குறிக்கும்; எண் சிறுத்தால் துளை பெரிது) வைத்தால், இரண்டிலும் கூர்மையாக இருக்கும் ஆழம் 4 சென்டிமீட்டர் அளவுதான். குழந்தை தலையைச் சற்றே திருப்பினால் ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் மங்கலாகவும் போய்விடும். எஃப் 2.8-க்கு வந்தால் அது 6 சென்டிமீட்டர், எஃப் 4-இல் எட்டுக்கு மேல். ஓயாமல் அசையும் குழந்தைக்கு நான் எஃப் 2.8-க்குக் கீழே இறங்குவதில்லை. உண்மையான வேறுபாடு, 85-இல் பின்புலத்தின் சிறு துண்டு மட்டுமே சட்டத்துக்குள் வருகிறது என்பதே. தெருவில் நிற்கும் பைக்கையும் மின்கம்பியையும் ஓரடி நகர்ந்தே அதனால் விலக்கிவிடலாம்.

தங்கை மகளுக்கு மூன்று வயது. அவளை 85-இல் எடுக்கலாம் என்று முற்றத்தின் மறுகோடிக்குப் போனேன். "ஏன் மாமா அங்க போறீய?" என்று கேட்டபடியே பின்னால் வந்து, லென்ஸின் முகப்பில் மூக்கை வைத்து உள்ளே பார்த்தாள். நான் வைத்திருக்கும் 85-க்கு 85 சென்டிமீட்டருக்குள் ஃபோகஸே கிடைக்காது. பின்வாங்கப் பின்வாங்க அவளும் வந்தாள். 50-ஐ மாட்டிய பிறகுதான் படம் கிடைத்தது, ஏனென்றால் அது 35 சென்டிமீட்டர் வரை விடும். கன்னத்தில் வைத்த திருஷ்டிப் பொட்டு வியர்வையில் கலைந்து காதோரம் வரை இழுபட்டிருந்தது அந்தப் படத்தில் அப்படியே இருக்கிறது. பழகிய குழந்தை நம்மிடம் வரத்தான் செய்யும். அதைத் தள்ளி நிற்கச் சொல்லும் லென்ஸ் அதற்கு ஏற்றதில்லை.

பழகாத குழந்தையிடம் நிலைமை நேர்மாறு. செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் என்பதால் மலைக்கு அந்தப் பக்கமும் எங்களுக்குச் சொந்தங்கள் உண்டு. புனலூரிலிருந்து ஓண விடுமுறைக்கு வந்த ஐந்து வயதுப் பையன், நான் நான்கடிக்குள் போனதுமே அம்மாவின் முந்தானைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டான். எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து 85-இல் பார்த்தபோது, அவன் என்னை மறந்து தீப்பெட்டியில் பொன்வண்டுக்கு இலை வைத்துக்கொண்டிருந்தான். அந்த லென்ஸ் ஃபோகஸைப் பிடிப்பதிலும் என் 50-ஐவிட விரைவானது. முழுத் துளையில் வெள்ளை வேட்டியின் ஓரத்தில் ஊதாக் கோடு தெரிவதும், விலை 50-ஐப் போலச் சில மடங்கு இருப்பதும் அதன் குறைகள்.

கைப்பேசியை ஒதுக்க மாட்டேன். குழந்தை சிரிக்கும் நொடியில் கையில் இருப்பது அதுதான். ஆனால் அதன் முதன்மை லென்ஸ் அகலக்கோணம் என்பதால், அதே அளவு முகம் வேண்டுமானால் ஒன்றேகால் அடிக்குள் நெருங்க வேண்டியிருக்கிறது. அந்த நெருக்கத்தில் மூக்கு பெருத்துக் காதுகள் சிறுத்துவிடும். 2 மடங்கு ஜூம் வைத்து எட்டி நின்றால் முகம் ஓரளவு சீராகும். போர்ட்ரெய்ட் மோட் பின்புலத்தைக் கணக்குப் போட்டு மங்கலாக்குவதால், சுருட்டை முடியின் நுனியும் தலையில் தொங்கும் கனகாம்பரச் சரத்தின் பாதியும் சில வேளை கரைந்துவிடுகின்றன. அதைவிட எனக்கு வருத்தம் தருவது முகத்தை வழுவழுப்பாக்கி வெளுக்கச் செய்யும் அழகூட்டும் வசதி. கருத்த குழந்தையின் நிறம் அந்தக் குழந்தையுடையது, அதை மாற்றும் உரிமை யாருக்கும் இல்லை. முதல் வேலையாக அதை அணைத்துவிடுங்கள்.

மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. சுண்ணாம்பு அடித்த சுவரின் முன் குழந்தையை உட்கார வைத்தால், வெள்ளையைக் கண்ட கேமரா முழுப் படத்தையும் இருட்டடித்து முகத்தைக் கறுக்க வைக்கும். எக்ஸ்போஷரை, அதாவது பதியும் வெளிச்சத்தை, அரை முதல் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) கூட்ட வேண்டும். இடம் என்று கேட்டால் தெருவைப் பார்த்த ஓட்டு வீட்டுத் திண்ணையைத்தான் சொல்வேன். தாழ்வாரம் மேல் வெயிலைத் தடுக்க, தெருவின் வெளிச்சம் முன்னாலிருந்து முகத்தில் விழும். திண்ணையில் உட்கார்ந்த குழந்தையின் கண்மட்டத்துக்கு வர, தெருவில் நிற்பவர் சற்றுக் குனிந்தால் போதும். உட்கார்ந்திருந்தால் ஷட்டர் வேகம் 1/250 நொடி, ஓடினால் 1/500 நொடி. கைப்பேசி வீட்டுக்குள் மங்கிய ஒளியில் இந்த வேகத்தைத் தொடாததால்தான் கையும் காலும் கலங்கிப்போகின்றன.

ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்பவர்களுக்கு 50-ஐத் தயக்கமின்றிச் சொல்வேன். சொந்த வீட்டுக் குழந்தைகளுக்கு அதற்கு மேல் தேவையில்லை. கோயில் கொடை, பள்ளி ஆண்டுவிழா என்று பிறர் குழந்தைகளை எடுப்பவர்களுக்கு 85 வேண்டும். புனலூர்ப் பையனை இரண்டு நாள் அதிலேயே எடுத்தேன். மூன்றாம் நாள் காலையில் அவனே தெருவைக் கடந்து வந்து, தீப்பெட்டியை என் கையில் வைத்துத் திறந்து காட்டினான். 85-ஐக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டு 50-ஐ மாட்டினேன்.