வாய்க்கால் தண்ணியா, குட்டைத் தண்ணியா? சின்ன பிளேசர் சுரங்கத்துக்கு எது ஒத்துவரும்

சரளை மண்ண அலசி தங்கம் எடுக்குற சின்ன பிளேசர் சுரங்கம்னாலே எல்லாரும் முதல்ல மெஷின் பத்திதான் கேக்குறாங்க, மண்ண அலசுற சாய்வான தொட்டியான ஸ்லூஸ் எவ்ளோ நீளம், பம்ப் எத்தன இன்ச்னு. ஆனா முதல்ல கேக்க வேண்டியது தண்ணி எங்கேந்து வருது, கலங்கினப்புறம் எங்க போகுதுங்கிறதுதான். அதுக்கு முக்கியமா ரெண்டு வழி இருக்கு: மேட்டு ஓடையிலேந்து வாய்க்கால் வெட்டி இறக்கி ஒரே தடவ ஓடவிட்டு கீழ விட்டுடுறது, இல்லன்னா குட்டை வெட்டி வண்டல அடங்கவிட்டு அதே தண்ணிய பம்ப் வெச்சு திரும்ப திரும்ப சுத்தவிடுறது.

வாய்க்கால்ல டீசல் செலவு கிடையாது, வர்ற தண்ணியும் பெரும்பாலும் தெளிவா இருக்கும். பிரச்சனை என்னன்னா ஓடை நம்ம சொல்படி கேக்காது. மழைக்கு ஏறும் வெயிலுக்கு இறங்கும், ஓட்டம் கம்மியானா ரிஃபிள் (தங்கத்த தடுத்துப் பிடிக்க ஸ்லூஸ் அடியில இருக்குற குறுக்குச் சட்டம்) மணல் பிடிச்சு இறுகிடும், ஜாஸ்தியானா பொடித்தங்கம் அடிச்சிட்டு போயிடும், அதனால வாய்க்கால் தலைப்புல ஒரு மதகும் மிச்சத் தண்ணி வழிஞ்சு போக ஒரு வழியும் இல்லாம இத ஆரம்பிக்கவே கூடாது.

அதவிட பெரிய விஷயம் கீழ போற சேத்துத் தண்ணி. சரளைக்கு நடுவுல இருக்குற மீன் முட்டைகள வண்டல் மூடி காத்து இல்லாம சாகடிக்கும், பக்கத்து நிலம் பாழாகும். கலிஃபோர்னியாவுல மலையவே தண்ணி பீச்சி கரைச்சு கீழ விட்டதால விவசாய நிலம் மூழ்கி, 1884-ல கோர்ட் தடையே போட்டுச்சு. அமெரிக்காவுல 1988-ல வந்த பிளேசர் விதி, வெளிய விடுற தண்ணியில படியுற வண்டல் லிட்டருக்கு 0.2 மில்லிலிட்டர தாண்டக்கூடாதுன்னு சொல்லுது. அத அளக்க 1 லிட்டர் தண்ணிய இம்ஹாஃப் கூம்புல (அடி கூரா, அளவுக் கோடு போட்ட பாத்திரம்) ஊத்தி 1 மணி நேரம் விட்டுப் பாப்பாங்க. ஒரே தடவ ஓடவிட்டு இந்த அளவுக்குள்ள நிக்கிறது ரொம்ப கஷ்டம்.

அதனால என் ஓட்டு குட்டைக்குத்தான், ஆனா அதுவும் மண்ணப் பொறுத்தது. 0.05 மில்லிமீட்டர் மணல் துகள் அசையாத தண்ணியில 1 மீட்டர் இறங்க சுமார் 7-8 நிமிஷம் போதும், 0.002 மில்லிமீட்டர் களிமண் துகளுக்கு அதே 1 மீட்டருக்கு 3 நாளுக்கு மேல ஆகும், ஏன்னா துகள் பாதியானா இறங்குற வேகம் கால்வாசி ஆயிடும். குட்டை வெட்டுறதுக்கு முன்னாடி கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் மண்ணும் தண்ணியும் போட்டு குலுக்கி வைங்க. கொஞ்ச நேரத்துல தெளிஞ்சா ஜமாய்க்கலாம், மறுநாளும் கலங்கலாவே இருந்தா அங்க சின்ன குட்டை எடுபடாது. அதே கலங்கல் தண்ணிய சுத்தவிட்டா தண்ணி கெட்டியாகிட்டே போய் பொடித்தங்கம் அடியில உக்காராம நழுவிடும்.

நிறைய பேர் குட்டைய ஆழமா வெட்டுறாங்க, வண்டல் அடங்க பரப்புதான் முக்கியம், ஆழம் வண்டல் சேர்ற இடத்துக்கு மட்டும்தான். தண்ணி நுழையுற இடமும் பம்ப் உறிஞ்சுற இடமும் எதிரெதிர் முனையில இருக்கணும், உறிஞ்சு குழாய அடியில போடாம மிதவைல கட்டி மேல்மட்டத் தண்ணியா எடுக்கணும். ஒரே பெரிய குட்டையவிட வரிசையா ரெண்டு குட்டை மேல், முதல் குட்டையில மணல் நின்னுடும், ரெண்டாவது தெளியும், மணல் குட்டைய மட்டும் அடிக்கடி வாரினா போதும்.

பம்ப் விஷயத்துல கணக்குப்படி கடல் மட்டத்துல 10 மீட்டர் வரைக்கும் உறிஞ்சலாம்னாலும் நடைமுறையில 6-7 மீட்டர்தான், அதனால பம்ப்ப தண்ணிக்கு ஒட்டியே வைங்க. குழாய் விட்டத்துல கஞ்சத்தனம் பண்ணாதீங்க, அதே ஓட்டத்துக்கு விட்டம் பாதியானா உராய்வு இழப்பு சுமார் 32 மடங்கு, அது முழுக்க டீசலா எரியும்.

கசிவும் ஆவியும் போக குட்டையில மட்டம் இறங்கிட்டே இருக்கும், அதுக்கு ஓடையிலேந்து சின்ன வாய்க்கால் ஒண்ணு மட்டும் நிரப்ப வெச்சா ரெண்டு வழியோட நல்லதும் கிடைக்கும். காலைல பம்ப் ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி மட்டம், ஃபுட் வால்வு (உறிஞ்சு குழாய் முனையில தண்ணி திரும்ப இறங்காம தடுக்குறது), கரையில விரிசல் மூணையும் பாருங்க. மழை வரும்னா மட்டத்த முன்னாடியே குறைச்சு வைங்க, வழிஞ்சு போற இடத்துல கல் பாவி வைங்க, வாரின வண்டல குட்டைக்குள்ள திரும்ப கரைஞ்சு வராத மேட்டுல கொட்டுங்க.