டப்ளின் நகருக்குள் ஓட்ட: சொந்த சைக்கிளா, டப்ளின்பைக்ஸா?

டப்ளினில் சைக்கிளில் வேலைக்குப் போவது என்று முடிவாகிவிட்டால், சொந்தமாக ஒன்று வாங்குவதா, நகர நிலையங்களில் எடுத்து ஓட்டி இன்னொரு நிலையத்தில் விடும் பொது வாடகை சைக்கிளான டப்ளின்பைக்ஸின் சந்தாவே போதுமா என்ற கேள்வி வரும். இரண்டுக்கும் இன்றுள்ள வசதி வந்தது 2009-இல்தான். வரிப் பிடித்தத்துக்கு முன்பே சம்பளத்திலிருந்து சைக்கிளுக்குப் பணம் கழிக்கும் 'சைக்கிள் டு வொர்க்' திட்டம் ஜனவரியில் வந்தது, டப்ளின்பைக்ஸ் செப்டம்பரில். போர்ட்டோபெல்லோவில் வாடகைக்கு இருக்கும் நான் சந்தா கட்டினேன், இன்றும் அதில்தான் ஓட்டுகிறேன்.

சந்தா வருடத்துக்கு 35 யூரோ. ஒவ்வொரு தடவையும் முதல் 30 நிமிடம் இலவசம். 'சைக்கிள் டு வொர்க்' வழியாக வாங்குகிறவருக்கு 1,250 யூரோ வரையான விலைக்கு வரிச்சலுகை உண்டு, நான்கு ஆண்டுக்கு ஒருமுறை. அதிக வரி கட்டுபவருக்கு ஏறக்குறைய பாதி விலை மிச்சம். ஓட்டும் சுகத்தில் சொந்த வண்டிதான் மேல். வாடகை வண்டி கனமானது, மூன்றே கியர்.

ஆனால் இரவில் வண்டியை எங்கே நிறுத்துவீர்கள்? எனக்கு முடிவைச் சொன்னது இந்தக் கேள்விதான். நகர மையத்தில் வாடகை வீடு என்றால் பெரும்பாலும் பழைய ஜார்ஜியன், விக்டோரியன் வீடுகளைத் தடுத்துப் பிரித்த பிளாட்கள். நடைவழி குறுகல், அதில் சைக்கிள் வைக்க வீட்டுக்காரர் விடமாட்டார். மிச்சமிருப்பது தெருக் கம்பி. முன்சக்கரம் மட்டும் பூட்டோடு தொங்க, மற்றதெல்லாம் காணாமல் போயிருப்பதை இந்த ஊரில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். நல்ல பூட்டு இரண்டு வாங்கினால் அதுவே ஒரு செலவு, சுமப்பது தனி. ட்ரூரி தெருவில் கூரையுள்ள இலவச நிறுத்துமிடம் இருக்கிறது, கடைக்குப் போகும்போது உதவும். ராத்திரிக்கு அது தீர்வாகாது. நகரசபை சில தெருக்களில் பூட்டும் கூண்டுகள் வைத்திருக்கிறது, இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும்.

சந்தாவில் இந்தக் கவலையே இல்லை. நிலையத்தில் வண்டியைச் செருகிப் பச்சை விளக்கு எரிந்தால் நம் பொறுப்பு முடிந்தது. பஞ்சரானால் வேறு வண்டி. தூறலில் செயின் துருப்பிடிப்பதும் பிரேக் தேய்வதும் நம் பாடு இல்லை. எனக்கு இதைவிடப் பெரிய நன்மை, போகும்போது மட்டும் ஓட்டிவிட்டு, திரும்ப வேறு வழியில் வர முடிவது. காலையில் கால்வாயை ஒட்டிய சைக்கிள் பாதையில் கிராண்ட் கெனால் டாக் வரை ஓட்டிப் போவேன். மாலையில் மழை கொட்டினால் பஸ் ஏறிவிடுவேன். சொந்த வண்டி என்றால் நனைந்துகொண்டே ஓட்ட வேண்டும், அல்லது ஆபீஸ் வாசலில் விட்டுவிட்டு மறுநாள் வரை அதையே நினைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

சந்தாவிலும் தொல்லை உண்டு. காலை எட்டரைக்கு மேல் குடியிருப்புப் பக்கத்து நிலையங்கள் காலியாகும், ஆபீஸ் பக்கத்து நிலையங்கள் நிரம்பிவிடும். கிளம்பும் முன் ஆப்பைப் பார்க்கத்தான் வேண்டும். இடம் இல்லாவிட்டால் அடுத்த நிலையத்தில் விட்டு ஐந்து நிமிடம் நடப்பேன். நேரத்துக்கு ஆபீசில் இருந்தே ஆக வேண்டியவர்களுக்கு இது உண்மையிலேயே எரிச்சல்.

நிலையங்கள் பெரும்பாலும் நகர மையத்தின் இருபுறமும் உள்ள இரண்டு கால்வாய்களுக்கும் நடுவில்தான். ராத்மைன்ஸ்காரர் பாலம் தாண்டி போர்ட்டோபெல்லோ வரை நடந்து வரலாம்; அவற்றுக்கு வெளியே தள்ளி குளோன்டார்ஃபில் இருப்பவருக்கு இந்தச் சந்தா பயன்படாது, அவர் வாங்கத்தான் வேண்டும். குழந்தையைப் பின்னால் உட்கார வைத்துப் பள்ளியில் விடுபவருக்கும் சொந்த வண்டிதான். மின் சைக்கிளுக்கு வரிச்சலுகை 1,500 யூரோ வரையான விலைக்கு. நண்பருடையதை வாங்கிக் கொஞ்ச தூரம் ஓட்டியதோடு சரி, பேட்டரி எத்தனை வருடம் தாங்கும் என்று சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கமில்லை.

பின்பக்கம் ஷெட்டும் அதற்குத் தனிக் கதவும் உள்ள வீடு கிடைத்தால் நானும் ஒன்று வாங்குவேன். அதுவரை 35 யூரோதான்.