புது மாடல் ஜாக்கெட்: தைப்பதா, ரெடிமேட் வாங்குவதா, பழையதைப் பிரித்து மாற்றுவதா?

போட் நெக் (தோளிலிருந்து தோளுக்கு அகலமாக ஓடும், ஆழமில்லாத கழுத்து), பஃப் கை, ஆழமான பின் கழுத்து, கை நிறைய ஆரி எம்பிராய்டரி வேலை என்று வருஷத்துக்கு ஒரு மாடல் வந்துகொண்டே இருக்கிறது. புடவை என்னவோ அதே ஐந்தரை மீட்டர்தான். அதோடு வரும் 80 சென்டிமீட்டர் ஜாக்கெட் துணியில்தான் எல்லா விளையாட்டும். கையில் இருக்கும் புடவைக்குப் புது மாடலைக் கொண்டுவர மூன்று வழி உண்டு. டெய்லரிடம் புதிதாகத் தைக்கலாம், ரெடிமேட் வாங்கலாம், பீரோவில் கிடக்கும் பழைய ஜாக்கெட்டைப் பிரித்து மாற்றலாம். எது மலிவு என்று மட்டும் பார்த்து இறங்கினால் மூன்றிலும் காசு வீண். மாறப்போவது கழுத்தா, கையா என்பதைப் பொறுத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் ஒரு கணக்கு. போனில் இருக்கும் படத்தைக் காட்டி “இதே மாதிரி” என்று சொன்னால் டெய்லருக்கு ஐந்து மாற்றம் ஒரே நேரத்தில் போகிறது: கழுத்து, கை நீளம், கை வடிவம், பின்பக்கம், ஹூக் இடம். ஐந்தில் ஒன்று உங்களுக்கு ஒத்துவரவில்லை என்றாலும் ஜாக்கெட் பீரோவுக்குள் போய்விடும். எது கெடுத்தது என்றும் தெரியாது. படப்பிடிப்பில் ஜாக்கெட்டின் முதுகில் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள் என்பது வேறு கதை. ஆகவே ஒரு ஜாக்கெட்டில் ஒரு புதுமை போதும். மற்றதெல்லாம் உங்களிடம் இருப்பதிலேயே நன்றாகப் பொருந்தும் ஜாக்கெட்டின் வெட்டாகவே இருக்கட்டும்.

புதிதாகத் தைப்பது

கழுத்து வடிவத்தை மாற்றுவதென்றால் இதுதான் சரியான வழி. கழுத்து என்பது ஓரத்தில் ஒரு வளைவு வெட்டுவது இல்லை. தோள் அகலம், தோள் சரிவு, ஹூக் வரும் பக்கம் எல்லாம் அதோடு சேர்ந்து நகரும்.

போட் நெக்கை எடுத்துக்கொள்வோம். முன் கழுத்து ஆழம் 3 முதல் 4 அங்குலம், தோளில் மிஞ்சும் துணி 2 முதல் 2.5 அங்குலம். முன்பக்கம் மூடிவிடுவதால் ஹூக் பின்னால் போகும், அல்லது பக்கவாட்டில் ஜிப் வரும். பக்க ஜிப் பார்க்க அழகு. ஆனால் முழங்கை வரை இறுக்கமான கையும் சேர்ந்தால் தலை வழியாகப் போட்டுக் கழற்றுவது பெரும் பாடு. பின் ஹூக்தான் நம்பகமானது, போட்டுவிட வீட்டில் ஒருவர் இருந்தால். கைக்குழந்தை உள்ளவர்கள் இந்த மாடலைக் கொஞ்ச காலம் தள்ளிப்போடுவது நல்லது.

போட் நெக்கில் அடிக்கடி வரும் புகார், முன் ஓரம் உடம்போடு ஒட்டாமல் தூக்கிக்கொண்டு நிற்பது. முன் துண்டையும் பின் துண்டையும் ஒரே கழுத்து அகலத்தில் வெட்டுவதுதான் பெரும்பாலும் காரணம். முன் கழுத்தை இருபுறமும் கால் அங்குலம் குறைத்து வெட்டி, உள்ளே மெல்லிய கேன்வாஸ் வைத்து மடித்தால் ஓரம் படிந்து உட்காரும்.

இதில் ‘அளவு ஜாக்கெட்’ ஒரு பொறி. ஆழக் கழுத்து வைத்த பழைய ஜாக்கெட்டைக் கொடுத்து அதிலிருந்து போட் நெக் தைக்கச் சொன்னால், தோள் அளவு தவறாகத்தான் வரும். ஆழக் கழுத்து நழுவாமல் இருக்க டெய்லர் தோளைக் குறுக்கியே வெட்டியிருப்பார். தவிர பல முறை துவைத்த துணி அங்கங்கே நீண்டிருக்கும். கழுத்து மாடல் மாறும்போது உடம்பில்தான் அளவெடுக்க வேண்டும், அதுவும் ஜாக்கெட்டுக்குள் வழக்கமாகப் போடும் உள்ளாடையோடு. மார்பு, இடுப்புச் சுற்றுக்கு மட்டும் அளவு ஜாக்கெட் போதும்.

போட் நெக் எல்லாருக்கும் ஒத்துவராது. கழுத்து குட்டையாகவோ மார்பு கனமாகவோ இருந்தால் முன்பக்கம் ஒரே பலகையாகத் தெரியும். தாலிச்சரடு உள்ளே போனால் துணிக்கு மேல் வரி வரியாகத் தெரியும். அட்டிகை துணி மேல் உட்கார்ந்து திரும்பிக்கொள்ளும். நீள ஆரம் பரவாயில்லை. எதுவும் போடாமல் பெரிய ஜிமிக்கியோடு நிறுத்திக்கொண்டால் இன்னும் நல்லது. மாடல் பிடித்திருக்கிறது, முகப்புக்குப் பொருந்தவில்லை என்றால் அதைப் பின்பக்கம் கொண்டுபோகலாம். முன்னால் வழக்கமான ‘யு’ கழுத்து, பின்னால் போட் நெக். ஹூக் முன்னாலேயே இருக்கும், நகையும் கெடாது, பின்னால் நிற்பவருக்குப் புது மாடல்.

ஆழமான பின் கழுத்தில் சிக்கல் வேறு மாதிரி. பின்னால் 9 அங்குலத்துக்கு மேல் இறக்கினால் தோளைப் பிடித்து வைக்க முன்பக்கம்தான் இருக்கிறது. முன்னாலும் 7 அங்குலம் இறக்கினால் தோள் நழுவிக்கொண்டே இருக்கும், விசேஷம் முழுக்க இழுத்துவிட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான். பின்னால் இறக்கினால் முன்னால் 6 அல்லது 6.5-இல் நிறுத்துங்கள், கழுத்து அகலத்தை மேலே குறுக்குங்கள், பிடரிக்கு இரண்டு அங்குலம் கீழே ஒரு கயிறு வையுங்கள். அந்தக் கயிறு அலங்காரத்துக்கு மட்டும் தொங்குவது இல்லை, தோளை இழுத்துப் பிடிப்பதே அதுதான். எவ்வளவு இறக்கலாம் என்பதற்குப் படம் பார்க்க வேண்டாம். தோள் மேட்டிலிருந்து உள்ளாடைப் பட்டையின் மேல் ஓரம் வரை டேப்பில் அளந்து, அதில் ஒரு அங்குலம் கழித்தால் உங்கள் எல்லை கிடைத்துவிடும்.

கைக்கு வருவோம். துணி போதுமா என்பதைக் கடையிலேயே கணக்குப் போட்டுவிடலாம். 80 சென்டிமீட்டர் என்பது 31.5 அங்குலம். புடவை பார்டர் அந்த நீளத்துக்குத்தான் ஓடும். கை ஓரச் சுற்று 12 அங்குலம் என்றால், தையலுக்கு 2 சேர்த்து 14. இரண்டு கைக்கு 28. ஒரே பார்டரில் இரண்டு கையும் அடங்கும். சுற்று 14 என்றால் 16-ம் 16-ம் 32, அரை அங்குலம் போதாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பார்டர் இருந்தால் ஒரு கைக்கு ஒரு பக்கம் எடுத்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் மட்டும் பெரிய பார்டர் உள்ள புடவையில் அக்குளுக்குக் கீழே ஒட்டுப் போட்டாக வேண்டும். பஃப் கைக்குச் சாதாரணக் கையைவிட ஒன்றரை மடங்கு அகலம் தேவை. 80 சென்டிமீட்டரில் இரண்டு பஃப் கையும் உடம்பும் வராது. மேட்சிங் சென்டரில் 30 முதல் 40 சென்டிமீட்டர் கூடுதல் துணி வாங்க வேண்டும். அதே நிறத்தில் தேடி ஏமாறுவதைவிட ஆர்கன்சாவிலோ டிஷ்யூவிலோ வேண்டுமென்றே மாற்றி எடுப்பது மேல். மென்பட்டில் பஃப் வைத்தால் அரை மணியில் தொங்கிவிடும்; உள்ளே கெட்டியான நெட் வைத்தால்தான் நிற்கும்.

பஃப் தோள் எலும்பின் விளிம்பிலிருந்து எழ வேண்டும். தோள் தையல் அரை அங்குலம் வெளியே போனாலும் பஃப் சரிந்து, தோள் அகலமாகத் தெரியும். இயல்பிலேயே தோள் அகலமானவர்கள் சுருக்கத்தை மேலே வைக்காமல் கை ஓரத்தில் வைத்துப் பட்டி போட்டுக்கொள்ளலாம். முழங்கைக் கைக்குச் சுற்றளவைக் கையை மடக்கி வைத்து எடுத்து ஒரு அங்குலம் கூட்ட வேண்டும். நீட்டி வைத்து எடுத்தால் பந்தியில் கை மடங்காது. நீளமும் முழங்கை மடிப்புக்கு ஒரு அங்குலம் மேலேயே நிற்கட்டும்.

கை தூக்கினால் ஜாக்கெட் மொத்தமும் மேலே ஏறுகிறது என்று வந்தால், பலரும் கைக்குழியை இன்னும் தாராளமாக வெட்டச் சொல்கிறார்கள். பலன் தலைகீழாகத்தான் இருக்கும். குழி எவ்வளவு கீழே இறங்குகிறதோ, கை தூக்கும்போது பக்கத் துணி அவ்வளவு மேலே இழுபடும். குழியை அக்குளுக்கு அருகிலேயே வைத்து, கை அகலத்தைக் கூட்டுவதுதான் வைத்தியம்.

லைனிங் துணியை ஒரு இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்டச் சொல்லுங்கள். பருத்தி லைனிங் முதல் துவைப்பில் சுருங்கும், மேல்துணி சுருங்காது. தையலோரம் முழுக்க அலை அலையாக நிற்கும். வியர்க்கும் என்று தெரிந்தும் பாலியஸ்டர் லைனிங் வாங்குவது சுருங்காது என்பதற்காகத்தான். ஊறப்போடும் சிரமம் தாங்கக்கூடியது, சித்திரை வெயிலில் பாலியஸ்டர் தாங்க முடியாதது. பக்கவாட்டில் ஒவ்வொரு புறமும் ஒன்றரை அங்குலத் துணி உள்ளே விடச் சொல்லவும் மறக்க வேண்டாம்.

ரெடிமேட்

சோதனை பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. உயரக் கழுத்து, காலர், முழுக்கை போன்றவை உங்களுக்கு ஒத்துவருமா என்பதைச் சில நூறு ரூபாயில் ஒரு ஸ்ட்ரெச் ஜாக்கெட் சொல்லிவிடும். அதையே லைனிங், தையல் கூலியோடு தைத்துப் பார்த்துத் தெரிந்துகொள்வது வீண் செலவு. கறுப்பு, மெரூன், பழுப்புத் தங்கம் என்று மூன்று நிறம் இருந்தால் பருத்தி, லினன் புடவைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஈடுகொடுக்கும்.

குறை என்னவென்றால், அளவு மார்புச் சுற்றை வைத்தே வருகிறது. 38 மார்புக்கு 38 எடுத்தால் கை பிடிக்கும். கைக்காக 40 எடுத்தால் தோள் இறங்கும். ஸ்ட்ரெச் துணியில் இது ஓரளவு சமாளிக்கப்படும். நெய்த துணி ரெடிமேடில், வாங்கும் முன் உள்பக்கம் திருப்பிப் பார்த்து, தையலுக்கு வெளியே ஒரு அங்குலமாவது துணி இருந்தால் மட்டும் எடுங்கள். போட்டுப் பார்க்கும்போது இரண்டு கையையும் தூக்குங்கள். அடிப்பட்டி மார்பு மேல் ஏறினால் வேண்டாம்.

ஸ்ட்ரெச்சில் கனமான பட்டுப் புடவை கட்டாதீர்கள். முந்தியின் பாரம் முழுவதும் ஒரு ஊக்கில் தொங்கும், பின்னல் துணியில் ஊக்குத் துளை ஓட்டையாக நீளும். ஊக்கைத் தோள் தையலின் மேலேயே குத்தினால் கொஞ்சம் தாங்கும். வெந்நீர், முறுக்கிப் பிழிதல், நேர் வெயில் மூன்றும் எலாஸ்டிக்கைக் கொன்றுவிடும்.

பழையதைப் பிரித்து மாற்றுவது

கழுத்தை இறக்கலாம், ஏற்ற முடியாது. கையைக் குறைக்கலாம், நீட்ட முடியாது. இந்த இரண்டு வரியில் பாதி விஷயம் முடிந்துவிடுகிறது. மீதிப் பாதி, வேறு துணி சேர்ப்பது: ஆழக் கழுத்தின் மேல் நெட் வைத்து உயர்த்துவது, பழைய கையை எடுத்துவிட்டு ஆர்கன்சாக் கை வைப்பது. கை மாற்றுவதற்கு இந்த வழியை நாங்கள் தயங்காமல் சொல்வோம். உடம்பு ஏற்கெனவே பொருந்தியிருக்கிறது, கூலியும் குறைவு, மாடல் மலையேறினால் திரும்பப் பிரித்துவிடலாம்.

பட்டில் கவனம் தேவை. பழைய தையலைப் பிரித்துத் தளர்த்தினால் ஊசித் துளை வரிசையாகத் தெரியும். உள்ளே இருந்த துணி நிறம் மங்காமல் பட்டையாகத் துருத்தும். பருத்தியில் துவைத்தால் துளை மூடிக்கொள்ளும், பட்டில் மூடாது. பக்கத் தையலில் என்றால் கை மறைத்துவிடும். முன் டாட்டை, அதாவது மார்பு வளைவுக்காகப் பிடித்த மடிப்புத் தையலை, பிரிக்கவே கூடாது. மடிப்பில் துணி இற்றிருக்கிறதா என்று வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துவிட்டு டெய்லரிடம் கொடுங்கள்.

ஆரி வேலை எங்கே வருகிறது?

புதிதாகத் தைப்பதில் மட்டும்தான், அதுவும் கடைசியாக. செலவு ஆயிரங்களில் போவதால் மட்டும் இல்லை. துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கழுத்தும் கையும் வரைந்து, வேலை முடிந்த பிறகே வெட்டித் தைக்கிறார்கள். சட்டத்தில் ஏறிய பிறகு கழுத்து ஆழத்தையோ கை நீளத்தையோ மாற்ற வழி கிடையாது. ஆகவே அந்தக் கழுத்தை முன்பே ரெடிமேடிலோ சாதாரண டூ பை டூ பருத்தித் துணியிலோ போட்டுப் பழகியிருக்க வேண்டும். முகூர்த்தப் புடவையில் முதல் சோதனை வேண்டாம்.

வரையும்போது அக்குளிலும் பக்கத் தையலிலும் ஒன்றரை அங்குலம் வெறுமையாக விடச் சொல்லுங்கள். இல்லையென்றால் பின்னால் தளர்த்த நேரும்போது மணிகளை உடைத்தே பிரிக்க வேண்டும். அக்குளில் உள்ள ஜர்தோசி (உலோகச் சரிகை வேலை) வியர்வையில் கறுத்தும் போகும். முந்தி விழும் தோளில் கட் தானா மணி, கல் எதுவும் வேண்டாம், மென்பட்டின் நூலை இழுத்துவிடும். முந்தி மறைக்கும் இடத்துக்குக் கூலி கொடுப்பதும் எதற்கு? புடவை பார்டர் ஏற்கெனவே அகலமான ஜரிகை என்றால் கையில் பார்டருக்கு மேல் சின்னப் புட்டாக்கள் போதும். கல்லை ஒட்டியிருக்கிறார்களா, தைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். டிரை கிளீனிங்கில் பசை விட்டுப்போகலாம். சென்டையும் டியோடரண்டையும் ஜாக்கெட் போடும் முன்பே அடித்து, காய்ந்த பிறகு போட வேண்டும். கழற்றியதும் உள்பக்கம் வெளியே திருப்பிக் காற்றாட விட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கும்.

டெய்லரிடம் டெலிவரித் தேதியை மட்டும் கேட்காமல், போட்டுப் பார்க்கும் தேதியைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். விசேஷத்துக்கு ஒரு வாரம் முன்பாவது அது இருக்க வேண்டும். அன்றைக்குப் புடவையையும் கையோடு எடுத்துப்போய், முந்தியைத் தோளில் போட்டு, கையைத் தூக்கி, உட்கார்ந்து எழுந்து பாருங்கள்.