ஐந்தொகை பார்க்கும் ஃபைல் சிஸ்டம் எது? லினக்ஸில் நான்கைப் பற்றி ஒரு மதிப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் இரண்டு பேரை மனத்தில் வைத்து எழுதியது இது. ஒருவர் கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவர். மற்றவர் வளவு வீட்டுப் பெட்டகத்தில் கிடக்கும் பேரேடு, இசைகுடிமானம் (நகரத்தார் திருமணப் பதிவு ஓலை), பர்மாக் கடிதம் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஸ்க்கில் ஏற்றுபவர். வேகம் இருவருக்கும் இரண்டாம்பட்சம். போட்டது போட்டபடி பத்து வருடம் கழித்தும் திறக்க வேண்டும். டிஸ்க்கில் கோப்புகளை எழுதி, எது எங்கே என்று குறித்துவைக்கும் முறைதான் ஃபைல் சிஸ்டம்; இங்கே பார்ப்பவை எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ், பட்டர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ்.

எக்ஸ்ட்4, 2008 டிசம்பரில் வந்த 2.6.28 கெர்னலிலிருந்து (லினக்ஸின் மைய நிரல்) ஓடுகிறது. கரண்ட் போய் வந்தால், செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னலைப் படித்துச் சில நொடியில் எழுந்துகொள்ளும். ஆனால் வழக்கமான அமைப்பில் ஜர்னல் காப்பது கோப்புகளின் அட்டவணையைத்தான். படத்துக்குள் ஒரு பிட் புரண்டு, டிஸ்க்கும் பிழை சொல்லாமல் இருந்துவிட்டால், புரண்டதையே எடுத்து நீட்டும். செட்டியார் கடைக் கணக்கில் ஐந்தொகை (கணக்கு ஒத்துவருகிறதா என்று காட்டும் இருப்புநிலை) போட்டால் பிசகு அன்றைக்கே தெரியும். எக்ஸ்ட்4 பக்க எண்ணைச் சரிபார்க்கும், தொகையைக் கூட்டாது. எம்டிஏடிஎம் என்ற கருவியால் இரண்டு டிஸ்க்கில் ஒரே பிரதி வைக்கும் மிர்ரரில் போட்டாலும் இதே கதை. இரண்டு பிரதியும் ஒத்துவராதபோது எது சரி என்று அதற்குத் தெரியாது. அன்றாட வேலை செய்யும் கணினிக்கு எக்ஸ்ட்4 போதும், காப்பகத்துக்குப் போதாது. இன்னொன்று: 5% இடத்தை ரூட்டுக்கு (நிர்வாகிக் கணக்கு) ஒதுக்கி வைத்துக்கொள்ளும். 4 டிபி டிஸ்க்கில் அது 200 ஜிபி. டேட்டா மட்டும் இருக்கும் டிஸ்க் என்றால் டியூன்2எஃப்எஸ் கட்டளையால் 1% ஆக்கிவிடலாம்.

எக்ஸ்எஃப்எஸ் பெரிய கோப்புகளுக்கு நல்லது. பார்ட்டிஷனைச் சுருக்க முடியாது, டேட்டாவுக்குச் செக்சமும் (டேட்டா மாறிவிட்டதா என்று காட்டும் சரிபார்ப்பு எண்) இல்லை. பழுது பார்க்கும்போது லாக்கை அழிக்கும் ‘எல்’ ஆப்ஷனை எடுத்தவுடன் போடாதீர்கள்; கடைசியாக எழுதியவை அதோடு போய்விடும். முதலில் ஒருமுறை மவுன்ட் செய்து (டிஸ்க்கைக் கணினியில் இணைத்துத் திறந்து) பார்க்க வேண்டும்.

பட்டர்எஃப்எஸ்ஸில்தான் ஐந்தொகை ஆரம்பிக்கிறது. ஒவ்வொரு 4 கேபி துண்டுக்கும் செக்சம் உண்டு. ஒரே டிஸ்க் என்றால் பிசகைக் கண்டுபிடிக்கும், டேட்டாவைத் திருத்த முடியாது. இரண்டு டிஸ்க் போட்டு, டேட்டா, மெட்டாடேட்டா (கோப்புகளின் அட்டவணை) இரண்டையும் ரெய்டு1, அதாவது மிர்ரர், ஆக்கினால், கெட்ட பிரதியை நல்ல பிரதியிலிருந்து தானே சரிசெய்யும். இரண்டு 4 டிபிக்குக் கிடைப்பது 4 டிபி. பல டிஸ்க்கில் டேட்டாவைப் பிரித்துப் போடும் ரெய்டு5, ரெய்டு6 பக்கம் போக வேண்டாம். நம்பகமில்லை என்று அதன் ஆவணமே எச்சரிக்கிறது. மாதம் ஒருமுறை, எல்லாவற்றையும் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப் ஓட்டுங்கள். நிறைந்த 4 டிபி டிஸ்க்குக்கு ஏழெட்டு மணி நேரம் ஆகும், ஆகவே மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் வேண்டாம்.

பட்டர்எஃப்எஸ்ஸில் பலர் வழுக்குவது ஒரு டிஸ்க் செத்த பிறகு. ‘டிக்ரேடட்’ ஆப்ஷன் கொடுக்காமல் மவுன்ட் ஆகாது. பதறிப்போய் ‘ரிப்பேர்’ கட்டளையைத் தட்டினால் இருப்பதும் கெடலாம். புது டிஸ்க்கை மாட்டி ‘ரீப்ளேஸ்’ கொடுக்க வேண்டும். இடையில் ஒற்றை டிஸ்க்கில் எழுதியவை ஒற்றைப் பிரதியாக நின்றிருக்கலாம் என்பதால், டேட்டாவை மறுபடி பங்கிட்டு எழுதும் பேலன்ஸ் ஓட்டி ரெய்டு1-க்கு மாற்றினால்தான் வேலை முடியும். விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் ஓடும் கணினி) கோப்புக்காகக் காப்பி-ஆன்-ரைட்டை, அதாவது பழையதன் மேல் எழுதாமல் புது இடத்தில் எழுதும் முறையை, நிறுத்தினால் அந்தக் கோப்புக்குச் செக்சமும் நின்றுவிடும்.

இசட்எஃப்எஸ் இதே வேலையை இன்னும் கண்டிப்பாகச் செய்கிறது. ஒரு டிஸ்க் போனாலும் மிர்ரர் தானே எழுந்து வரும். பூல் (டிஸ்க்குகளின் தொகுப்பு) உருவாக்கும்போது ஏஷிஃப்ட் (எழுதும் துண்டின் அளவு) 12, அதாவது 4 கேபி, என்று கொடுங்கள். டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்று சொல்லாமல் ஐடி பெயரால் குறிப்பிடுங்கள். தடங்களை ஒன்றன்மேல் ஒன்று படியும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்க் மலிவாகக் கிடைக்கும், ஆனால் மறுகட்டுமானத்தின்போது ஊர்ந்து உயிரை வாங்கும். லைசன்ஸ் காரணமாக இசட்எஃப்எஸ் கெர்னலுக்குள் இல்லை, தனி மாட்யூல் (கெர்னலோடு சேர்த்துக்கொள்ளும் துணை நிரல்). கெர்னலை அடிக்கடி புதுப்பிக்கும் டிஸ்ட்ரோவில் (லினக்ஸ் தொகுப்பில்) மாட்யூல் பின்தங்கி, பூல் ஏறாமல் நிற்கும். நீண்டகால ஆதரவுள்ள உபுண்டு எல்டிஎஸ்ஸில் அந்தத் தொல்லை குறைவு. பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால் காப்பகத்துக்கு எங்கள் முதல் தேர்வு இதுவே. இல்லையென்றால் பட்டர்எஃப்எஸ் மிர்ரர். பிகேஷ்எஃப்எஸ் என்ற புது ஃபைல் சிஸ்டம் 2024-இல் கெர்னலுக்குள் வந்து 2025-இல் வெளியேறிவிட்டது, இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

எதைப் போட்டாலும் கரண்ட் விஷயத்தைக் கவனிக்காவிட்டால் வீண். வீட்டு இன்வெர்ட்டர் சாதாரண மோடில் மாறுவதற்குள் கணினி அணைந்து எழும்; யுபிஎஸ் மோடுக்கு மாற்றுங்கள், அல்லது தனி யுபிஎஸ் வைத்து, அதைக் கண்காணிக்கும் நட் மென்பொருளால் பேட்டரி இறங்குமுன் தானாக ஷட்டவுன் ஆகும்படி செய்யுங்கள். மலிவான சில யுஎஸ்பி பெட்டிகள் எழுதி முடிக்காமலே ‘எழுதியாயிற்று’ என்று பொய் சொல்லும். எழுதும் வரிசையை நம்பியே இயங்கும் பட்டர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் இரண்டுக்கும் இந்தப் பொய் ஆகாது. டிஸ்க்கை நேராகக் கணினியின் சாட்டா இணைப்பில் மாட்டுங்கள். டிஸ்க் தன் நலத்தைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் 197-ஆம் எண் (படிக்கச் சிக்கலான பகுதிகள்) ஏறினால் டிஸ்க் போகிறது. 199 (டேட்டா கடத்தும்போது வரும் பிழைகள்) ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான், இருநூறு முந்நூறு ரூபாயில் முடியும். போகிற டிஸ்க்கில் பழுது பார்க்கும் எஃப்எஸ்சிகே கட்டளையை ஓட்டக்கூடாது. முதலில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்புக் கருவியால் வேறு டிஸ்க்குக்குப் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் பழுது பாருங்கள்.

மிர்ரர் இருந்தாலும் பேக்கப் தனியாக வேண்டும். தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் அந்த நொடியே அழியும்; இடி இறங்கினால் இரண்டும் சேர்ந்து போகும். காரைக்குடியில் ஒன்று, வேறு ஊரில் உறவினர் வீட்டில் ஒன்று என்று பிரித்து வையுங்கள்.

விண்டோஸ் டிஸ்க்கிலிருந்து மாற்றும்போது ஒரு பொறி இருக்கிறது. இந்த நான்கிலும் கோப்புப் பெயருக்கு வழக்கமான எல்லை 255 பைட். தமிழில் ‘க’ 3 பைட், ‘கோ’ 6 பைட். விண்டோஸ் எழுத்துக் கணக்கில் அளப்பதால், முகூர்த்தம், ஊர், இரு வீட்டார் பெயர் எல்லாம் சேர்த்து நீளமாக வைத்த தமிழ்ப் பெயர் அங்கே ஏறும், இங்கே ஏறாது. கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை அந்தக் கோப்பை விட்டுவிட்டு மற்றதை எடுத்து, முடிவில் 23 என்ற பிழை எண் தரும். அதைக் கண்டால் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்யாமல், விடுபட்ட பெயர்களைச் சுருக்கி மறுபடி ஓட்டுங்கள்.